எட்டு அடி இருட்டு

டொராண்டோவிலிருந்து பதினைந்து வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பள்ளி ஜாஸ் குழுவில் ட்ரம்பெட் வாசிக்கிறாராம். கீழ்ச் சுரங்கள் பரவாயில்லை. மேலே போனால் பாதிக்குப் பாதி உடைகிறது, இல்லையென்றால் பக்கத்துச் சுரம் வந்து விழுகிறது. விரல்கள் சரியாகத்தான் இருக்கின்றன. குழுவில் யாரோ தங்க முலாம் பூசிய மௌத்பீஸ் (உதட்டை வைத்து ஊதும் முனை) வாங்கச் சொன்னார்களாம். அப்பாவிடம் கேட்பதற்கு முன் என்னிடம் கேட்டிருக்கிறார். அப்பா சார்பில் முதலில் நன்றி.

ட்ரம்பெட்டில் நரம்பும் இல்லை, சீவாளியும் இல்லை. உதடுதான் சீவாளி. சங்கு ஊதியவர்களுக்கு இது தெரியும். வெறும் காற்றை ஊதினால் புஸ்ஸென்று போகும். உதடுகளைச் சேர்த்து 'ப்ர்ர்' என்று துடிக்க விட்டால்தான் சங்கு பேசும். (நான் ஊதிய அன்று வீட்டு நாய் மட்டும் பதில் சொன்னது.) கொம்பு, எக்காளம், ட்ரம்பெட் எல்லாம் இந்தக் குடும்பம்தான். உதடு நொடிக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறதோ அதுவே சுரம். ட்ரம்பெட் நோட்டில் நடு 'சி' என்று எழுதியிருப்பதை வாசித்தால், நொடிக்கு 233 முறை. அதற்கு இரண்டு ஸ்தாயி மேலே இருக்கும் 'ஹை சி' என்றால் 932 முறை.

932 முறை! எந்தத் தசையாலும் எண்ணி எண்ணி அப்படித் திறந்து மூட முடியாது. அப்படியானால் உதட்டுக்கு யார் தாளம் போடுகிறார்கள்?

குழாய்தான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சாதாரண பி-ஃபிளாட் ட்ரம்பெட்டை நீட்டிவைத்தால் கிட்டத்தட்ட 1.48 மீட்டர் வரும். உதடு ஒரு முறை திறந்ததும் ஒரு காற்றழுத்தத் துடிப்பு அந்தக் குழாய்க்குள் ஓடுகிறது. மறுமுனையில் விரிந்த வாய், அதற்கு வெளியே திறந்த வெளி. துடிப்பு அப்படியே வெளியே போய்விடும் என்றுதான் நினைப்போம். போவதில்லை, பெரும்பகுதி திரும்பி வருகிறது. தேர்த் திருவிழாவில் ஒரு சந்துக்குள் நெரிந்து நகரும் கூட்டத்தைப் பாருங்கள். முன்னால் இருப்பவர்கள் திடலுக்குள் நுழைந்ததும் அவர்களுக்கு நெரிசல் விடுகிறது. அடுத்து அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு, அதற்கடுத்து அவர்களுக்கும் பின்னால். ஆட்கள் முன்னே போகிறார்கள், 'அப்பாடா' மட்டும் பின்னோக்கி நடந்து வருகிறது. ட்ரம்பெட்டின் விரிந்த வாயிலிருந்து திரும்புவதும் இப்படி ஒரு அப்பாடாதான். அது உதட்டை வந்து தட்டுகிறது.

போக வர சுமார் 3 மீட்டர். குழாய்க்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் ஓடும். ஆக, போய்த் திரும்ப 8.6 மில்லிநொடி.

ஒரே உரலில் இருவர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் தூக்கும்போது மற்றவர் இறக்க வேண்டும். தாளம் சேர்ந்துவிட்டால் இருவருக்கும் அலுப்புத் தெரியாது. தப்பினால் உலக்கையும் உலக்கையும் மோதும். ட்ரம்பெட்டில் ஒரு உலக்கை உதடு, மற்றொன்று குழாயிலிருந்து திரும்பும் அலை. இரண்டும் ஒத்துப்போகும் வேகங்கள் சிலவே: தோராயமாக 233, 349, 466, 587, 698 என்று ஏணிப்படிபோல் போகும். விரலால் அழுத்தும் வால்வைத் தொடாமலே பல சுரங்கள் கிடைப்பது இதனால்தான்.

இப்போது நம் வாசகியின் கேள்விக்கு வருவோம். சுரத்தைத் தொடங்கும் அந்தக் கணத்தில் குழாய்க்குள் எந்த அலையும் இல்லை. இரண்டாவது உலக்கைக்காரர் இன்னும் வந்து சேரவில்லை. முதல் 8.6 மில்லிநொடிக்கு உதடு தனியாகத்தான் இடிக்க வேண்டும். நடு 'சி'யில் அந்த நேரத்துக்குள் இரண்டே துடிப்பு. அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, நான்கு. 'ஹை சி'யில் எட்டு. எட்டு முறை இருட்டில் உலக்கை போட்ட பிறகுதான் முதல் பதில் வருகிறது. அந்த எட்டும் கொஞ்சம் மந்தமாகவோ வேகமாகவோ இருந்துவிட்டால், திரும்பும் அலை வேறொரு படிக்கு உதட்டை இழுத்துக்கொண்டு போய்விடும்.

படிகளும் மேலே போகப்போக நெருங்கிவிடுகின்றன. 233-க்கும் 349-க்கும் நடுவே தாராளமான இடைவெளி, ஒரு 'ச'வுக்கும் 'ப'வுக்கும் உள்ள தூரம். 932-க்குக் கீழே 816, மேலே 1049. ஏறக்குறைய 'ச'வுக்கும் 'ரி'க்கும் உள்ள தூரம்தான். கால் சற்றே பிசகினால் பக்கத்துப் படி. போதாததற்கு, நொடிக்குச் சுமார் 1500 துடிப்புக்கு மேல் விரிந்த வாய் அலையைத் திருப்பி அனுப்புவதையே ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. அந்த உயரத்தில் வாசிப்பவர்களுக்குத் துணை என்று பெரிதாக எதுவும் இல்லை.

ஜாஸ் ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் 1928-இல் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' தொடக்கத்தை இந்தக் கணக்கோடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பியானோ இல்லை, தாளம் இல்லை, தனி ட்ரம்பெட். வெறும் நிசப்தத்திலிருந்து சுரம் நேராக எழுந்து நிற்கிறது. எழுவதற்கு முன்பே அவர் காதில் அது ஒலித்திருக்க வேண்டும் என்பது என் நம்பிக்கை. வாசிக்கும் முன் சுரத்தைப் பாடச் சொல்லும் ஆசிரியர்கள் பக்திக்காகச் சொல்வதில்லை. இருட்டில் போடும் அந்த முதல் அடிகளின் வேகத்தை உதட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேறு வழி கிடையாது.

நாக்கால் தட்டாமல் 'ஹூ' என்று காற்றால் மட்டும் சுரத்தைத் தொடங்கும் பயிற்சியும் இதற்காகத்தான். நாக்கு 'து' என்று தட்டினால் சின்னத் தவறுகள் மறைந்துவிடும். காற்றால் தொடங்கினால் உதடு சரியாக அமைந்திருக்கிறதா இல்லையா என்பது உடனே அம்பலம். எனக்கு இன்னும் பிடித்தது வளைக்கும் பயிற்சி. வால்வை மாற்றாமல் சுரத்தை உதட்டாலேயே அரைச் சுரம் கீழே இழுத்து, மெல்ல விட வேண்டும். இழுக்கும்போது குழாயோடு சண்டை, ஒலி மங்கிப்போகும். விட்டுக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் சட்டென்று ஒலி பெரிதாகும், ஊதும் சிரமம் குறையும். இரண்டு உலக்கையும் சேர்ந்த இடம் அது. நல்ல டோன் என்று எல்லோரும் சொல்வதில் பெரும்பங்கு அந்த இடம்தான்.

ஜாஸ்காரர்கள் இந்தப் படிகளை வேண்டுமென்றே கலைக்கவும் செய்வார்கள். வால்வைப் பாதி மட்டும் அழுத்தினால் காற்றுக்கு ஒழுங்கான பாதை இல்லை, திரும்பும் அலையும் குழம்பிவிடும். கட்டளையிட ஆளில்லாததால் உதடு இஷ்டப்படி வழுக்கலாம். டியூக் எலிங்டன் குழுவில் 1930-களில் ரெக்ஸ் ஸ்டூவர்ட் (ட்ரம்பெட்டின் நெருங்கிய உறவான கார்னெட் வாசித்தவர்) இந்தப் பாதி வால்வை வைத்தே முனகினார், சிணுங்கினார், கிட்டத்தட்டப் பேசினார்.

உயரச் சுரத்துக்கு மௌத்பீஸை உதட்டில் அழுத்துவது மட்டும் வேண்டாம். உதடு இறுகும், சுரம் வரவும் செய்யும். ரத்த ஓட்டம் குறையும், துடிக்க வேண்டிய சதை துடிக்காது. ஆம்ஸ்ட்ராங்கின் உதட்டுத் தழும்பு புகைப்படங்களிலேயே தெரியும். உதட்டைச் சுற்றியுள்ள தசை கிழிவதற்கு 'சாச்மோ சிண்ட்ரோம்' என்று அவருடைய செல்லப் பெயரையே வைத்திருக்கிறார்கள். இன்னொரு ட்ரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பியின் உப்பிய கன்னத்தையும் படத்தில் ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, தங்கம். முலாம் என்பது சில மைக்ரான் படலம். அலை அதைக் கண்டுகொள்ளாது. மௌத்பீஸ் கிண்ணத்தின் ஆழம், விளிம்பின் வடிவம், நடுத் துளையின் அளவு எல்லாம் முக்கியம். ஏனென்றால், ஒருபுறம் மூடிய நேர்க்குழாய் அடிப்படை வேகத்தைப் போல் 1, 3, 5 மடங்கு என்று ஒற்றைப்படையில்தான் ஒத்ததிரும். விரிந்த வாய் கீழ்ப் படிகளை மேலே தள்ளுகிறது. மௌத்பீஸ் மேல் படிகளைக் கீழே இழுக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் 2, 3, 4, 5 மடங்கு என்ற ஒழுங்கு வருகிறது. தங்கம் தோலுக்கு வழுவழுப்பாக இருக்கும், வெள்ளி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உதவும், அவ்வளவுதான்.

மிருதங்கத்தின் கரணையும் (தோலின் நடுவே இருக்கும் கருப்பு வட்டம்) இதே வேலையைத்தான் செய்கிறது. வெறும் தோலின் ஒழுங்கற்ற அதிர்வுகளை இழுத்துச் சுரவரிசைக்குள் கொண்டுவருகிறது. இதை 1920-இலேயே சி. வி. ராமன் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். அமெரிக்காவில் ட்ரம்பெட் போன்ற காற்றுக் கருவிகளுக்கு ஆர்தர் பெனேட் என்ற இயற்பியலாளர் கிளீவ்லாந்தில் தன் வாழ்நாளையே கொடுத்தார். நாகஸ்வரத்துக்கும் அப்படி ஓர் ஆய்வகமும் பத்து வருடப் பணமும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். வித்வான்களுக்குப் பொன்னாடை போர்த்த மட்டும் காசு கிடைத்துவிடுகிறது.

வாசகிக்கு ஒரு வேலை. கைபேசியில் பதிவை ஓடவிட்டு, மேலிருக்கும் 'ஜி'யை நேராகப் பத்து முறை தொடங்குங்கள், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் மௌத்பீஸை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு. அப்புறம் இன்னொரு பத்து முறை, ஒவ்வொன்றுக்கும் முன் அதே சுரத்தை வாய்விட்டுப் பாடிவிட்டு. எந்தப் பத்தில் எத்தனை உடைந்தது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். மௌத்பீஸ் பற்றி அப்பாவிடம் அதற்கப்புறம் பேசலாம்.