இறந்தவரின் எஸ்டேட் கணக்கு: ஆண்டை எந்த மாதத்தில் முடிப்பது?

அமெரிக்காவில் ஒருவர் காலமானால், ஜனவரி 1 முதல் இறந்த நாள் வரையிலான வருமானத்துக்கு அவர் பெயரில் கடைசியாக ஒரு படிவம் 1040 (தனிநபர் வருமான வரி ரிட்டர்ன்) போக வேண்டும். அதற்கு அப்புறம் அவர் விட்டுச்சென்ற சொத்தில் வரும் வட்டி, வாடகை, டிவிடெண்ட், விற்பனை லாபம் எல்லாம் 'எஸ்டேட்' என்கிற தனி வரிதாரரின் கணக்கு. அதற்குப் படிவம் 1041. மொத்த வருமானம் 600 டாலரைத் தொட்டால் தாக்கல் கட்டாயம். வாரிசுகளில் ஒருவர் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனாக, அமெரிக்க வரிச் சட்டப்படி 'நான்ரெசிடென்ட்' ஆக இருந்தால், 600-க்குக் கீழே இருந்தாலும் தாக்கல் செய்ய வேண்டும். பெரிய சொத்துகளுக்கு வரும் எஸ்டேட் டாக்ஸ், அதாவது படிவம் 706, இதோடு சேராது.

1040-க்கு டிசம்பர் 31 கணக்குதான். ஆனால் 1041-க்கு ஆண்டு எப்போது முடிய வேண்டும் என்பதை எக்ஸிகியூட்டரே (எஸ்டேட்டை நிர்வகிப்பவரே) தேர்ந்தெடுக்கலாம். முதல் ஆண்டு இறந்த நாளில் தொடங்கும், ஏதாவது ஒரு மாதத்தின் கடைசி நாளில் முடியும், 12 மாதத்தைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் விதி. பல குடும்பங்கள் இப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியாமல் டிசம்பரோடு முடித்துவிடுகின்றன என்பதுதான் என் வருத்தம்.

2024 ஆகஸ்ட் 20 அன்று இறந்தவரை எடுத்துக்கொள்வோம். காலண்டர் ஆண்டு என்றால் முதல் கணக்கு நான்கு மாதச் சொச்சத்தில் முடிந்து, 2025 ஏப்ரல் 15-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். துக்கம் ஆறாத, பேப்பர்கள் கைக்கு வராத நேரம் அது. ஜூலை 31-ஐத் தேர்ந்தெடுத்தால் கெடு நான்காவது மாதம் 15, அதாவது 2025 நவம்பர் 15. அன்று சனிக்கிழமை என்பதால் 17-ஆம் தேதி வரை.

பணக் கணக்கிலும் வித்தியாசம் உண்டு. எஸ்டேட்டிலேயே தங்கும் வருமானம் 15,200 டாலரைத் தாண்டினாலே, 2024-இல் தொடங்கிய ஆண்டுக்கு, மிச்சத்துக்கு 37 சதவீதம் வரி. தனிநபர் அந்த விகிதத்தைத் தொட 6 லட்சம் டாலருக்கு மேல் வேண்டும். அதனால் பெரும்பாலும் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுத்து, கே-1 (ஒவ்வொரு வாரிசின் பங்கையும் காட்டும் படிவம்) மூலம் அவர்கள் கணக்கில் வரியைக் கட்டுவது வழக்கம். எஸ்டேட்டின் ஆண்டு எந்தக் காலண்டர் ஆண்டில் முடிகிறதோ, அந்த ஆண்டின் ரிட்டர்னில் வாரிசு காட்டினால் போதும். நம் உதாரணத்தில் 2024 செப்டம்பரில் வந்த வாடகைகூட வாரிசின் 2025 கணக்கில்தான் ஏறும். அதைத் தாக்கல் செய்வது 2026 ஏப்ரலில்.

இன்னொன்று இதைவிட முக்கியம். வக்கீல் கட்டணம் போன்ற செலவுகள் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். டிசம்பரில் ஆண்டை வெட்டினால் வருமானம் ஒரு பக்கம், செலவு மறு பக்கம் என்று நின்றுவிடும். பன்னிரண்டு மாதத்துக்குள் எஸ்டேட் முடிந்துவிட்டால் ஒரே 1041-இல் இரண்டும் கழிந்துவிடும். மிஞ்சிய செலவும் வாரிசுகளுக்குப் போகும், ஏனென்றால் அது கடைசி ஆண்டு.

இதற்குத் தனி விண்ணப்பம் கிடையாது. எஸ்டேட்டுக்கு வரி எண் வாங்கும் எஸ்.எஸ்-4 படிவத்தில் ஆண்டு முடியும் மாதத்தைக் கேட்பார்கள். அங்கே டிசம்பர் என்று எழுதியிருந்தாலும் கவலை வேண்டாம். முதல் 1041-இன் தலைப்பில் எழுதும் தொடக்க, முடிவுத் தேதிகள்தான் தேர்வு. நம் உதாரணத்துக்கு 2024-ஆம் ஆண்டுப் படிவத்தையே எடுக்க வேண்டும், ஆண்டு அதில் தொடங்கியதால். கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள், முடியாவிட்டால் படிவம் 7004 ஐந்தரை மாத அவகாசம் தரும். பிறகு மாற்ற நினைத்தால் வரித்துறையின் அனுமதி வேண்டும்.

சொத்து லிவிங் டிரஸ்டில் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றி வைக்கும் டிரஸ்டில்) இருந்தால், டிரஸ்டுக்குக் காலண்டர் ஆண்டுதான். ஆனால் முதல் 1041-இன் கெடுவுக்குள் படிவம் 8855 கொடுத்தால் அதையும் எஸ்டேட்டோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு சிரமமும் உண்டு. வங்கியும் புரோக்கரும் அனுப்பும் 1099 (ஆண்டு வருமான விவரப் படிவம்) டிசம்பர் கணக்கில்தான் வரும். ஜூலையில் முடிக்கிறவர் மாதாமாத ஸ்டேட்மெண்டைப் பார்த்துத் தாமே பிரித்தெடுக்க வேண்டும். கணக்குகளை மூடுவதற்கு முன்பே அத்தனை ஸ்டேட்மெண்டையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மூடிய பிறகு கேட்டு வாங்குவது பெரும்பாடு.