கிரேடியன்ட்: சாய்வா, படிமாற்றமா?

வீடியோ கம்போசிட்டிங் (பல படங்களை அடுக்கி ஒரே காட்சியாக்கும் வேலை) பாடங்களில் "பின்னணிக்கு ஒரு சாய்வை உருவாக்குங்கள்" என்ற வரி திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. கிரேடியன்ட்டுக்கு வைத்த தமிழ்தான் இந்தச் 'சாய்வு'. எதைச் சாய்ப்பது? மேலே கருநீலம், கீழே வெளிர்நீலம், நடுவில் ஒன்று மற்றொன்றாக மெல்ல மாறுகிறது. அவ்வளவுதான். திரையில் எதுவும் சாயவில்லை.

லத்தீனில் 'கிராடுஸ்' என்றால் அடி, படி. கிரேடியன்ட் அதன் வழி வந்த சொல். பாதையின் ஏற்ற இறக்கத்துக்கும் கணிதத்தில் ஓர் அளவு மாறும் வீதத்துக்கும் வழங்கியது, பிறகு படத்துக்கும் வந்தது.

'சாய்வு' எங்கிருந்து வந்தது என்பதில் மர்மமே இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக் கணக்கில் நேர்கோட்டின் சாய்வு படித்திருக்கிறோமே, அதை அப்படியே தூக்கி வந்துவிட்டார்கள். அங்கே அது சரி, கோடு உண்மையாகவே சாய்ந்திருக்கிறது. இங்கே? ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற கம்போசிட்டிங் மென்பொருளில் 'கிரேடியன்ட் ராம்ப்' என்ற எஃபெக்டைப் போட்டால் தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் என்று கேட்கும். முடிவுப் புள்ளியை மூலைக்கு இழுத்தால் நிறம் குறுக்காக ஓடும். அந்தக் கோணத்தை எப்படிச் சொல்வது, சாய்வின் சாய்வு என்றா? வடிவத்தை ரேடியலுக்கு மாற்றினால் நடுவிலிருந்து சுற்றிலும் பரவும். 'வட்டச் சாய்வு' எந்தப் பக்கம் சாய்கிறதோ தெரியவில்லை. போதாததற்கு, சாய்வெழுத்து வேறு அதே மென்பொருளில் இருக்கிறது.

'வண்ணச் சாய்வு' என்றால் குழப்பம் தீருமே என்பார்கள். தீராது. கம்போசிட்டிங்கில் கிரேடியன்ட்டின் பெரிய வேலை வண்ணம் பூசுவதே அல்ல. கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் ஒன்றை வரைந்து, அதை மேட்டாக (எந்த இடம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்லும் மறைப்புப் படமாக) வைத்து, புது வானத்தை அடிவானத்தில் தெரியாமல் கரைய விடுவதுதான். அங்கே மாறுவது வானம் எவ்வளவு தெரிகிறது என்பது. 'நிறமாற்றம்' என்பதும் இதனாலேயே அடிபடுகிறது. அதுவும் போக, சிவப்பைப் பச்சையாக்கும் கருவிக்கு அந்தப் பெயர் வேண்டும்.

என் ஓட்டு 'படிமாற்றம்' என்பதற்கு. நேர்ப் படிமாற்றம், வட்டப் படிமாற்றம், நாலு மூலைக்கும் நிறம் கொடுத்தால் நான்குநிறப் படிமாற்றம். இலங்கைப் பாடநூல்களின் 'படித்திறன்' என்ற சொல்லிலும் படி இருக்கிறது, ஆனால் அது கோட்டின் சரிவைச் சொல்லும் எண், படத்துக்குப் பொருந்தாது.

படி என்பது வெறும் வேர்ச்சொல் விசுவாசமும் இல்லை. 8 பிட் படத்தில் ஒரு நிறத்தடத்துக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் ஒரு தடம்) 256 நிலைகள்தான். 1920 பிக்சல் அகலத்தில் கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போனால் ஒரு நிலைக்கு ஏழரை பிக்சல். கண் ஓரளவு ஏமாந்துவிடும். இரண்டு சாம்பல்களுக்கு நடுவே 20 நிலைதான் வித்தியாசம் என்றால் ஒவ்வொன்றும் நூறு பிக்சல் அளவுக்கு அகலும், பட்டை பட்டையாகத் தெரியும். அதனால்தான் புராஜெக்டை நிலைகள் மிக அதிகமுள்ள 16 பிட்டுக்கு மாற்றுகிறோம், இல்லாவிட்டால் 'ராம்ப் ஸ்கேட்டர்' ஏற்றிக் கொஞ்சம் புள்ளி தூவுகிறோம். 'படி தெரிகிறது' என்றால் இந்தக் கோளாறு கற்பவருக்குச் சட்டென்று புரியும். 'சாய்வில் பட்டை விழுகிறது' என்றால் சுவர் விரிசலோ என்று தோன்றும்.

மொழிபெயர்ப்பவர் கையில் பெரும்பாலும் சொற்பட்டியல் மட்டுமே இருக்கிறது, கருவியைத் திறந்து பார்ப்பதே இல்லை. நியூக் என்ற இன்னொரு கம்போசிட்டிங் மென்பொருளில் இதே வேலையைச் செய்யும் நோடுக்கு (கருவிக்கு) 'ராம்ப்' என்றே பெயர். அதைச் 'சாய்தளம்' என்று எழுத எவ்வளவு நேரமாகும்? படிமாற்றம் வாயில் வரவில்லையா, கிரேடியன்ட் என்றே எழுதுங்கள். எடிட்டிங் மேசையில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், யாரும் குழம்புவதில்லை.