ரேஞ்ச்லேண்ட்: மேய்ச்சல் நிலமா, மேய்புலமா?

மொழிபெயர்க்கும்போது ஆங்கிலத்தில் 'ரேஞ்ச்லேண்ட்' என்று வந்தால் 'மேய்ச்சல் நிலம்' என்று எழுதிவிடுகிறோம். தவறில்லை, ஆனால் போதாது. விதைத்து, உரமிட்டு வளர்க்கும் தீவனப்புல் வயலிலும் மாடு மேய்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் 'பாஸ்ச்சர்' என்று வேறு பெயர். ரேஞ்ச்லேண்ட் என்பது புல்லும் பூண்டும் புதரும் தாமாக வளர்ந்து கிடக்கும் பரந்த வெளி.

'ரேஞ்ச்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல்; முதலில் வரிசையைக் குறித்தது. வரிசையாக நகர்வது, அப்புறம் அலைந்து திரிவது, கடைசியில் கால்நடை திரியும் வெளி என்று பொருள் நீண்டது. வனத்துறை 'ரேஞ்சர்' இதே வேரில் பிறந்தவர். நம் 'மேய்' என்ற ஒற்றை வினையிலேயே புல் தின்பது, அலைந்து திரிவது என்ற இரண்டு பொருளும் இருக்கின்றன. மாடு மேய்கிறது, 'எங்கே மேய்ந்துவிட்டு வருகிறாய்?' என்று பிள்ளையைக் கேட்டால், எங்கே சுற்றினாய் என்று பொருள். ஆகவே மேய்புலம் என்பதே என் தேர்வு. வருவாய்ப் பதிவேட்டின் 'மேய்க்கால்' நல்ல சொல்தான், ஆனால் அது ஊர்ப் பொதுநிலத்துக்கு உரியதாகிவிட்டது.

மேய்புலத்தை மதிப்பிட உதவும் 'சாயில் சர்வே'யை 'மண் பரிசோதனை' என்று எழுத வேண்டாம். பரிசோதனை ஒரு பிடி மண்ணின் சத்தைச் சொல்லும். மண் அளவாய்வு என்பது குழி வெட்டி அடுக்கடுக்காகப் பார்த்து, எந்த மண் எதுவரை பரவியிருக்கிறது என்று வரைபடமாக்குவது. ஈர மண்ணைக் கட்டைவிரலால் ஆள்காட்டி விரல்மேல் அழுத்தித் தள்ளுவார்கள். நாடாவாக நீண்டால் களி அதிகம், நீளாமல் உதிர்ந்தால் மணல். பாறை எத்தனை ஆழத்தில், உப்பு எவ்வளவு, நீர் எவ்வளவு தங்கும் என்பதும் பதிவாகும்.

இன்று கண்ணில் படும் புல், மந்தை விட்டுவைத்த மிச்சம்தான். அங்கே என்ன வளர முடியும் என்பதை மழையும் மண்ணும்தான் சொல்லும். அமெரிக்க மண் அளவாய்வு அறிக்கைகள் நல்ல ஆண்டு, சராசரி ஆண்டு, மோசமான ஆண்டு எனப் பிரித்து, ஒரு ஏக்கரில் எத்தனை பவுண்டு உலர்தாவரம் விளையும் என்று தருவது இதனால்தான்.

அருகருகே இரண்டு சரிவுகள், ஒரே மழை, இரண்டும் வெறுமையாகக் கிடக்கின்றன என்று வையுங்கள். ஒன்றில் ஒரு சாண் ஆழத்தில் பாறை. மற்றதில் ஒரு மீட்டருக்கு வண்டல். மந்தையை விலக்கி ஓய்வு கொடுத்தால் உயரமான புல் திரும்ப வாய்ப்பு அதிகமுள்ளது இரண்டாவதில்தான்.