மின்சாரம் வேறு, எரிசக்தி வேறு

ஐரோப்பாவில் எந்த நாடு எவ்வளவு பசுமை என்று காட்டும் வரைபடம் கண்ணில் பட்டால், இது மின்சாரக் கணக்கா மொத்த எரிசக்திக் கணக்கா என்றுதான் முதலில் பார்ப்பேன். 2023-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சாரத்தில் ஏறக்குறைய 45 சதவீதம் காற்று, வெயில், தண்ணீர் போன்ற புதுப்பிக்கத்தக்க வழிகளில் வந்தது. லாரிக்கு ஊற்றும் டீசல், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு எல்லாவற்றையும் சேர்த்தால் அந்தப் பங்கு 25 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

டென்மார்க்கை எடுத்துக்கொள்வோம். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்த நாடு. இன்று அதன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றாலைகள் தருகின்றன. சரி, காற்று நின்றுபோனால்? கடலுக்கு அடியில் நார்வேக்குக் கேபிள் போகிறது. 1970-களிலேயே போட ஆரம்பித்தது. டென்மார்க்கில் காற்று பலமாக அடிக்கும் இரவில் மின்சாரம் மலிவாகிவிடும். நார்வே அதை வாங்கிக்கொண்டு தன் அணைகளின் மதகை மூடி வைக்கும். மலைமேல் தண்ணீர் அப்படியே நிற்கும். காற்று ஓய்ந்ததும் மதகு திறக்கும், மின்சாரம் எதிர்த்திசையில் ஓடும். தண்ணீரை மேலே ஏற்ற வேண்டிய வேலைகூட இல்லை, இறக்காமல் இருந்தாலே போதும். எனக்கு இதைவிட அழகான ஏற்பாடு தெரியாது.

அதே நார்வே எண்ணெயும் எரிவாயுவும் ஏற்றுமதி செய்கிறது. அவற்றை எரிக்கும்போது வரும் புகை, வாங்கி எரிக்கும் நாட்டின் கணக்கில் ஏறும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அனல்மின் நிலையத்தில் 100 பங்கு நிலக்கரி வெப்பத்தில் மின்சாரமாவது 35, 40 பங்குதான். மீதி வெப்பமாகவே வீணாகிறது. ஆனால் மொத்த எரிசக்திக் கணக்கில் 100-ம் ஏறும். காற்றாலைக்கோ, வெளிவரும் மின்சாரம் மட்டுமே பதிவாகும். ஆகவே நிலக்கரியை விட்டுக் காற்றுக்கு மாறும் நாட்டில் எரிசக்திப் பயன்பாடே சரிந்ததுபோல் தெரியும். வீடுகளில் ஒரு விளக்குகூட அணைந்திருக்காது.

அப்புறம் போலந்து. 2023-இலும் அதன் மின்சாரத்தில் சுமார் 60 சதவீதம் நிலக்கரிதான். மின் நிலையத்தோடு நிற்காமல், வீட்டு அடுப்புகளிலும் அதே கரி. குளிர்காலப் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறிய கிராக்கோவ் நகரம், 2019 செப்டம்பர் 1 முதல் வீடுகளில் கரியும் விறகும் எரிக்கத் தடை விதித்தது. அடுப்பை எடுத்துவிட்டு எரிவாயுவுக்கு மாறிய வீட்டுக்காரருக்குச் சுவாசிக்கும் காற்றே மாறியிருக்கும். மின்சார வரைபடத்தில் அதற்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது.