கடிகாரம் காட்டிய கூடுதல் அரைக் கிலோமீட்டர்

சென்னையில் தன் முதல் முழு மாரத்தானை ஓடி முடித்த வாசகர் ஒருவர் ஒரு கேள்வியை அனுப்பியிருந்தார். போட்டியின் தூரம் 42.195 கிலோமீட்டர், அவருடைய ஜி.பி.எஸ். கைக்கடிகாரமோ இறுதிக் கோட்டைத் தாண்டியபோது 42.74 என்று காட்டியிருக்கிறது. பாதையை அளந்தவர்கள் தவறிவிட்டார்களா, கடிகாரம் தவறுகிறதா, அடுத்த ஆண்டுப் பயிற்சிக்கு விலை கூடிய கடிகாரம் வாங்கினால் இது சரியாகுமா என்பவை அவருடைய ஐயங்கள்.

முதலில் பாதையைப் பார்ப்போம். மாரத்தான் பாதைகளை இன்றும் மிதிவண்டியால்தான் அளக்கிறார்கள். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்னும் சிறிய எண்ணியைப் பொருத்தி, எஃகு நாடாவால் அளந்து வைத்த நேர்சாலைத் துண்டில் பலமுறை ஓட்டி, எண்ணியின் எத்தனை எண்கள் ஒரு கிலோமீட்டர் ஆகின்றன என்று முதலில் கணித்துக்கொள்கிறார்கள். பிறகு முழுப் பாதையையும், ஓடுபவர் செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியில், வளைவுகளில் நடைபாதை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் மட்டும் தள்ளி ஓட்டி அளக்கிறார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கை, அதாவது சுமார் 42 மீட்டரை, வேண்டுமென்றே கூட்டியும் வைக்கிறார்கள். இந்தக் குறுகிய கோட்டிலேயே எவராலும் கடைசிவரை ஓட முடியாது. கூட்டத்தைச் சுற்றிப் போக வேண்டும், தண்ணீர் மேசைக்கு ஒதுங்க வேண்டும், வளைவுகளை அகலமாக எடுக்க வேண்டும். ஆகவே அந்தக் கூடுதல் அரைக் கிலோமீட்டரில் ஒரு பகுதியை வாசகரின் கால்கள் உண்மையாகவே ஓடியிருக்கின்றன. மீதிதான் கடிகாரத்தின் கணக்கு.

கடிகாரத்துக்கு நேரடியாகத் தூரம் தெரியாது. நேரம் மட்டுமே தெரியும். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிலிருந்து புறப்பட்ட ரேடியோ அலை நம் மணிக்கட்டை வந்தடைய எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கிறது. நான்கு செயற்கைக்கோள்களின் தொலைவு தெரிந்தால் இருப்பிடமும், கடிகாரத்தின் சொந்த நேரப் பிழையும் சேர்ந்து கிடைத்துவிடுகின்றன. பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். நினைவில் நிறுத்த வேண்டியது ஒரே ஓர் எண்: ஒளி ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் செல்கிறது. பாதை அளப்பவர் நடைபாதை விளிம்புக்கு விடுகிற அதே இடைவெளியைக் கடிகாரமும் அறிய வேண்டுமானால், அலை வந்து சேர்ந்த கணத்தை நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நுட்பத்தில் பிடித்தாக வேண்டும்.

அந்தக் கணத்தை எப்படிப் பிடிக்கிறது என்பதை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. தரையை வந்தடையும் செயற்கைக்கோள் அலை, கருவியிலும் சுற்றுப்புறத்திலும் இயல்பாகவே உள்ள மின் இரைச்சலைவிடப் பலவீனமானது. அலையை வரைந்து பார்த்தால் இரைச்சல் மட்டுமே தெரியும். ஆனால் ஒவ்வொரு செயற்கைக்கோளும் தனக்கென ஒதுக்கப்பட்ட, கூட்டல் ஒன்றும் கழித்தல் ஒன்றுமாக அமைந்த 1023 குறிகளின் வரிசையை, மில்லிநொடிக்கு ஒருமுறை முழுவதுமாக, ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. அதே வரிசை கடிகாரத்தின் நினைவகத்திலும் இருக்கிறது. கல்யாண மண்டபத்தின் கூச்சலில் பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவதே காதில் விழாதபோதும், நாகஸ்வரத்தில் பழகிய கீர்த்தனையின் நடுவிலிருந்து ஒரு துணுக்கு கேட்டால், அது எந்த அடி என்று உடனே சொல்லிவிடுகிறோம் அல்லவா? முன்பே தெரிந்த வரிசை என்பதுதான் அதன் பலம்.

கடிகாரமும் இதையே செய்கிறது. வந்த இரைச்சலுக்கு அடியில் தன் வரிசையை வைத்து, குறிக்குக் குறி பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறது. இரண்டும் பொருந்தாத நிலையில் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். சரியான இடத்துக்கு நகர்த்தி வைத்தால், ஒளிந்திருந்த வரிசையின் 1023 குறிகளும் ஒரே திசையில் சேர்ந்து கூடும். இரைச்சலோ தாறுமாறானது என்பதால் 1023இன் வர்க்கமூலம் அளவுக்கே, அதாவது ஏறத்தாழ 32 மடங்குதான் வளரும். ஒன்று ஆயிர மடங்காகவும் மற்றது முப்பத்திரண்டு மடங்காகவும் வளரும்போது, புதைந்து கிடந்த குரல் மேலே எழுந்து வந்துவிடுகிறது. வரிசையை எவ்வளவு நகர்த்தியபோது அது எழுந்தது என்பதே அலை வந்து சேர்ந்த நேரம்.

நகர்த்த நகர்த்த இந்தக் கூட்டுத்தொகை எப்படி மாறுகிறது என்று வரைந்தால் ஒரு கூம்பு கிடைக்கும். அதன் உச்சிதான் நாம் தேடுவது. செயற்கைக்கோள்கள் ஒலிபரப்பும் அலைவரிசைகளில் பழையது எல்1. அதில் ஒரு குறியின் நீளம், தொலைவாகக் கணக்கிட்டால், 293 மீட்டர். எனவே கூம்பு உச்சியின் இருபுறமும் 293 மீட்டர் பரந்து கிடக்கிறது. திறந்த வெளியில் இதனால் தொல்லையில்லை. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஓடும்போது அலை சுவரில் மோதி, நேர்வழியைவிட 60 மீட்டர் கூடுதலாகச் சுற்றி, எதிரொலியாகவும் வருகிறது. எதிரொலியின் கூம்பும் நேர் அலையின் கூம்பும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, உருக்குலைந்த ஒரே குன்றாகிவிடுகின்றன. உச்சி இடம் மாறிவிடுகிறது. நாம் சாலையில் ஓடிக்கொண்டிருக்க, வரைபடத்தில் நம் கோடு கட்டடத்துக்குள் புகுந்து வெளியேறுவது இதனால்தான்.

எல்5 என்னும் புதிய அலைவரிசையில் குறிகள் பத்து மடங்கு வேகமாக வருகின்றன. ஒரு குறியின் நீளம் 29 மீட்டர்தான். கூம்பும் அந்த அளவுக்கு ஒல்லியாகிவிடுகிறது. இப்போது 60 மீட்டர் பிந்தி வரும் எதிரொலி தனியாக, சற்றுத் தள்ளி, இன்னொரு சிறு கூம்பாக நிற்கும். முதலில் வந்ததை வைத்துக்கொண்டு பிந்தியதைத் தள்ளிவிடுவது எளிது, ஏனென்றால் எதிரொலி ஒருபோதும் நேர் அலைக்கு முன்னால் வர முடியாது. அண்ணா சாலையில் ஒரு விடியற்காலை, எல்1 மட்டும் உள்ள கடிகாரத்தை ஒரு கையிலும் இரண்டு அலைவரிசையும் உள்ளதை மறுகையிலும் கட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தேன். முதலாவதன் கோடு சாலையின் நடுத்தடுப்பைத் தாண்டித் தாண்டிப் போயிருந்தது. மற்றது நான் ஓடிய ஓரத்திலேயே நின்றது. முப்பது மீட்டருக்குக் குறைவாகச் சுற்றிவரும் எதிரொலிகள் எல்5இலும் கலக்கத்தான் செய்யும். அதனால்தான் சிகாகோ மாரத்தான் போன்ற வானளாவிய கட்டடப் பாதைகளில் எந்தக் கடிகாரத்தையும் முழுமையாக நம்ப முடிவதில்லை.

ஜி.பி.எஸ். போல இருப்பிடம் காட்டும் நம் நாட்டு நாவிக் அமைப்பைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. இஸ்ரோவின் இந்த அமைப்பு தொடக்கத்திலிருந்தே எல்5 அலைவரிசையைப் பயன்படுத்துகிறது. அலை புறப்படும் நேரத்தைத் துல்லியமாகக் காக்க, வெளிநாட்டிலிருந்து வாங்கிப் பொருத்திய அணுக்கடிகாரங்கள் முதல் செயற்கைக்கோளிலேயே பழுதடைந்தபோது, அந்தச் செயற்கைக்கோளின் பயன் பெரிதும் போயிற்று. 2023 மே மாதம் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோளில் உள்நாட்டிலேயே செய்த ருபீடியம் அணுக்கடிகாரம் இருக்கிறது. கைக்கடிகாரம் போன்ற சிறு கருவிகளுக்கு உதவும்படி எல்1 அலைவரிசையும் சேர்க்கப்பட்டது. 2025 ஜனவரியில் சென்ற என்.வி.எஸ்.-02 உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை. இத்தகைய தோல்விக்குப் பிறகு பணம் வீண் என்று பேசுவது எளிது. ஓர் அணுக்கடிகாரத்தைச் செய்யக் கற்ற ஆய்வுக்கூடம் பல ஆண்டு உழைப்பின் விளைவு என்பதையும், நிதி ஓரிரு ஆண்டு தடைப்பட்டாலும் அந்தக் கைத்திறன் கலைந்துபோகும் என்பதையும் நாம் உணர வேண்டும். இதற்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் தகும் என்பது என் உறுதியான கருத்து.

இனி அந்த மீதித் தூரம். இருப்பிடத்தில் உள்ள பிழை இடமும் வலமுமாகச் சமமாக அலைந்தாலும், தூரத்தில் அது சமனாவதில்லை. ஒரு நொடியில் நேராக 3 மீட்டர் ஓடுகிறீர்கள். அடுத்த புள்ளி பக்கவாட்டில் 1 மீட்டர் விலகிப் பதிவாகிறது என்றால், கடிகாரம் காண்பது செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை, அதாவது 3.16 மீட்டரை. இடப்பக்கம் விலகினாலும் வலப்பக்கம் விலகினாலும் கர்ணம் நீளம்தான். கடிகாரத்தின் மென்பொருள் இந்த நடுக்கத்தைப் பெருமளவு மழுக்கிவிடுகிறது என்றாலும், எஞ்சியது மணிக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

ஆகவே, எதை வாங்குவது? கட்டடங்கள் நெருங்கிய தெருக்களிலும், மரங்கள் அடர்ந்த சாலைகளிலும் பயிற்சி செய்பவர் எல்1, எல்5 இரண்டையும் பிடிக்கும், டூயல் பேண்ட் அல்லது மல்டி பேண்ட் என்று குறித்த கடிகாரத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். கார்மின் ஃபோர்ரன்னர் 255, கோரோஸ் பேஸ் 3, ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா ஆகியவற்றில் இந்த வசதி உண்டு, ஃபோர்ரன்னர் 165இல் இல்லை. மெரினா கடற்கரைச் சாலையிலோ திறந்த புறவழிச் சாலையிலோ மட்டும் ஓடுபவருக்கு எல்1 போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல காலணி வாங்கலாம். இரண்டு அலைவரிசையும் இயங்கும்போது மின்கலம் விரைவில் தீரும் என்பதால், பெட்டியில் பெரிதாக அச்சிட்ட மணிக்கணக்கைப் பார்க்காமல் அந்த நிலைக்கு உரிய கணக்கைப் பார்த்து, உங்கள் ஓட்ட நேரத்தைப் போல் இரு மடங்காவது இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். வியர்வை வழியும் விரலுக்குத் தொடுதிரை படியாது. அழுத்தும் பொத்தான் கட்டாயம் வேண்டும். உறக்க மதிப்பெண், மன அழுத்த மதிப்பெண் ஆகியவற்றுக்காக ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்க வேண்டாம் என்பேன்.

பொத்தானை வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாசகர் 5 மணி நேரத்தை இலக்காக வைக்கிறார் என்று கொள்வோம். 42.195ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 நொடி. அவருடைய கடிகாரம் இம்முறையும் 42.74 காட்டுமானால், திரையில் 7:06 என்ற வேகத்தைப் பிசகாமல் காத்து ஓடினாலும், இறுதிக் கோட்டை அவர் ஏறத்தாழ மூன்றரை நிமிடம் பிந்தித்தான் தொடுவார். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆன நேரத்தை, அதாவது லேப்பை, தானாகப் பதியும் அமைப்பை அணைத்துவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகையைக் கடக்கும்போதெல்லாம் அவரே லேப் பொத்தானை அழுத்தினால், பலகைக்குப் பலகை ஆன நேரம் துல்லியமாகக் கிடைக்கும். இருக்க வேண்டியது 7:06. பொத்தானை மறந்துவிட்டுத் திரையின் சராசரி வேகத்தை மட்டுமே பார்ப்பதானால், அங்கே அவர் காண வேண்டிய எண் 7:01.