வாசலில் நிற்பது எந்தத் தண்ணீர்?

உள்ளாட்சி தொடர்பான மனுக்களைக் கையாளும் வழக்கறிஞர் நான். சென்னையில் ஒரு பெரியவர் கட்டுக்கட்டாக மனு நகல்களோடு வந்தார். வாசலில் கழிவுநீர் பொங்குகிறது. கவுன்சிலர், மேயர், ஆணையர் என்று ஆறு மாதமாக எழுதியிருக்கிறார். படித்துப் பார்த்தபோது மனசு வலித்தது. பாதாளச் சாக்கடை அங்கே மாநகராட்சியின் வேலையே இல்லை.

சென்னையில் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகால் மட்டும் மாநகராட்சியுடையது. அதனால் தெருவில் தண்ணீர் தேங்கினால், மூடியைத் தாண்டி வருவது சாக்கடையா, வடிய வழியில்லாத மழைநீரா என்று முதலில் பாருங்கள். மதுரை, கோவை போன்ற ஊர்களில் இரண்டையும் மாநகராட்சியே பார்க்கிறது. சென்னை வழக்கத்தை அங்கே பொருத்தக் கூடாது.

சரி, மாநகராட்சிக்குள் யாரிடம் போவது? சென்னையில் 200 வார்டுகள், வார்டுக்கு ஒரு கவுன்சிலர். இவர்கள் கூடுவதுதான் மாமன்றம். 2022-இல் மேயரைத் தேர்ந்தெடுத்தவர்களும் கவுன்சிலர்கள்தான். மாமன்றம் தீர்மானம் போடும். அதைச் செயல்படுத்தும் அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. அவருக்குக் கீழே மண்டல அலுவலர், செயற்பொறியாளர், அப்புறம் வார்டு உதவிப் பொறியாளர். உடைந்த வடிகால் மூடிக்கு இந்தக் கடைசி நபர்தான் முதல் ஆள். தெருவுக்குப் புதிதாக வடிகாலே வேண்டும் என்றால் நிதி ஒதுக்க வேண்டும், அதற்குத்தான் கவுன்சிலர். பலர் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்கிறேன்.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு வசதி உண்டு. மனு தவறான அலுவலகத்துக்குப் போனாலும், 6(3) பிரிவின்படி அவர்கள் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றிவிட வேண்டும். சாதாரணப் புகார் மனுவுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அது மேஜையிலேயே கிடந்துவிடலாம்.

பெரியவருக்காக ஒரே பக்கத்தில், குடிநீர் வாரியத்தின் பகுதிப் பொறியாளருக்கு எழுதினோம். தெருப் பெயர், ஆள்நுழைவுக் குழி இருக்கும் இடம், இரண்டு புகைப்படங்கள். நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கினோம். அந்த வாரமே அடைப்பெடுக்கும் லாரி வந்தது.