பாஞா லூக்காவில் துறைமுகம் கிடையாது

இந்த வாரமும் ஒன்று வந்துவிட்டது. பால்கன் சுற்றுலாக் கையேட்டின் தமிழ் வரைவு ஒன்றைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள், அதில் போஸ்னியாவின் பாஞா லூக்கா நகருக்கு "லூக்காவின் குளியல் தலம்" என்று பெயர்க்காரணம் போட்டிருந்தது. போன மாதம் வேறொருவர் "வெந்நீர்த் துறைமுகம்" என்று எழுதியிருந்தார். அந்த நாட்டுக்கு இருக்கிற கடற்கரையே தெற்கே நேயும் என்ற ஊரை ஒட்டிச் சுமார் 20 கிலோமீட்டர்தான், பாஞா லூக்காவோ வடக்கே வ்ர்பாஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. வரைபடத்தை ஒரு தடவை விரித்துப் பார்த்திருக்கலாம்.

தவறு எங்கே நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த ஊரில் பேசும் செர்பிய மொழியின் அகராதியில் பாஞா என்றால் வெந்நீர் ஊற்றுத் தலம், லூக்கா என்றால் துறைமுகம், புனித லூக்காவின் பெயரும் அதுவே. இரண்டையும் ஒட்டி எழுதிவிடுகிறார்கள். அகராதி சொல்வது இன்றைய பொருளை. ஊர்ப்பெயரோ அது வைக்கப்பட்ட காலத்துப் பேச்சில் பிறந்தது, பேச்சு மாறிய பிறகும் பெயர் அப்படியே நிற்கும். ஊர்ப்பெயரைப் பிய்த்து அகராதியில் தேடினால் ஏதோ ஒரு பொருள் எப்போதும் கிடைக்கும், அது கிடைத்துவிட்டது என்பதாலேயே சரியாகிவிடாது. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ!

பாஞா லூக்கா என்ற பெயர் எழுத்தில் வருவது 1494இல். குரோஷியாவிலும் போஸ்னியாவிலும் ஆள்பவருக்குப் 'பான்' என்று பட்டம் இருந்தது. 1189இல் சாசனம் எழுதித் தந்த, போஸ்னியாவை ஆண்ட குலினும் ஒரு பான்தான். பானுடையது என்பதற்கு இன்று 'பானோவ்' என்பார்கள். செர்பியம், ரஷ்யன், போலிஷ் எல்லாம் அடங்கிய ஸ்லாவிய மொழிக்குடும்பத்தின் பழைய வழக்கில் கடைசி மெய்யை மென்மையாக்கினாலே போதும், ன் ஞ் ஆகிவிடும், 'பாஞா' வந்துவிடும். ரஷ்யாவின் யரஸ்லாவ்ல் நகரும் யரஸ்லாவ் என்பவரின் பெயரில் இதே முறையில் வந்ததுதான். அந்த விகுதி வழக்கொழிந்த பிறகு உள்ளூர்க்காரர் காதிலேயே அது வெந்நீர்த் தலமாக விழ ஆரம்பித்தது, நகரின் ஓரத்தில் நிஜமாகவே வெந்நீர் ஊற்றுகளும் இருக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காசு வாங்கிக்கொண்டு மொழிபெயர்ப்பவர் அப்படிச் செய்யக் கூடாது.

அப்புறம் லூக்கா. இதன் அடிப்பொருள் வளைவு. ஆறு வளையும் இடத்துப் புல்வெளி, நம் சொல்லில் படுகை. போலிஷ் மொழியில் இதன் உறவுச் சொல்லுக்கு இன்றும் புல்வெளி என்றே பொருள். கரை வளைந்த இடத்தில் படகு ஒதுங்கும் என்பதால் துறைமுகப் பொருளும் அதே வேரிலிருந்து கிளைத்தது. ஆக, பானின் படுகை. அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்பதும் இதுவே.

அகராதியை மூடிவிட்டு ஒரு சோதனை செய்து பாருங்கள். 'வெர்ஞாச்கா பாஞா' என்று செர்பியாவில் ஓர் ஊர், அசலான வெந்நீர்த் தலம். "அந்த ஊரில்" என்று சொல்லும்போது அது "உ வெர்ஞாச்கோய் பாஞி" ஆகும். பாஞா அங்கே பெயர்ச்சொல், அதனால் இகரத்தில் முடிகிறது. "பாஞா லூக்காவில்" என்பதை இரு சொல்லாகப் பிரித்துச் சொல்லும்போது "உ பாஞோய் லூட்ஸி". இங்கே பாஞா 'ஓய்' வாங்குகிறது, அது பெயரடை வாங்கும் விகுதி. ஊரார் பொருளை மறந்துவிட்டார்கள், அவர்கள் பேசும் இலக்கணம் மறக்கவில்லை.

தயவுசெய்து இனி இப்படிச் செய்யுங்கள். முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த மொழியில் "அந்த ஊரில்" என்பதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். எழுத்தில் முதலில் எப்போது, எந்த வடிவில் வருகிறது என்று தேடுங்கள். செர்பியம் எழுதப்படும் சிரிலிக் எழுத்துமுறையில் பாஞாவின் நடுவில் இருப்பது ஒரே எழுத்து, நம் ஞகரத்துக்கு அவ்வளவு நெருக்கம், அதைப் போய் 'பஞ்சா லூகா' என்று எழுதாதீர்கள். தேடியும் பொருள் பிடிபடவில்லையா, பெயரை மட்டும் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள், அடைப்புக்குறிக்குள் எதையும் போட வேண்டாம். சரிபார்ப்பவர் கேட்டால் தேடிக் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள், நான் ஒருபோதும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.